தோன்றா எழுவாய்

திங்கட்கிழமை. கொக்கிரகுளம்.
மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று
வாசலில் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள்.
முக்கூடலிலிருந்து முதல் பேருந்தில் வந்த பிரம்மசக்தியின் பையில்
தண்ணீர்ப் பாட்டில், ஆதார் நகல் மூன்று,
வெட்டாத பீடி இலை கொஞ்சம்,
செல்போனுக்கு வந்த ஒற்றை வரியை
யாரோ அச்செடுத்துக் கொடுத்த தாள்:
தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பதினோரு மணிக்கு என் மேசைக்கு வந்தாள்.
"தள்ளுனது யாருய்யா?"

திரையைப் பார்த்தேன்.
காங்கிரீட் கூரை கண்டறியப்பட்டது.
ஆடியில் பறந்த ட்ரோன் எடுத்த படம்.
உறுதி, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

"காங்கிரீட்டா? ஓலை ஒழுகுதுன்னு
மேல பேனரப் போட்டுருக்கேன்.
ஆனித் தேருக்கு வீடு விக்கிற கம்பெனி கட்டுனது.
தேரு நெலைக்கு வந்ததும் அவுத்து எறிஞ்சிட்டுப் போனான்.
நாந்தான் சுருட்டித் தூக்கிட்டு வந்தேன்."

படத்தைப் பெரிதாக்கினேன்.
ஆமாம். மூன்று மாடி.
பால்கனியில் பூந்தொட்டி.
அவள் அடுப்படிக்கு நேர் மேலே
ஒரு நீச்சல்குளம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.
"மிஷினு தப்புப் பண்ணும், சரி.
மாடுந்தான் அடுத்தவன் வயல்ல எறங்குது.
பவுண்டுல அடைச்சா
மீட்க ஒருத்தன் வந்துதான ஆகணும்?
இத அடைச்சா எவன் வருவான்?"

அதே மேசையில், காபித் தம்ளருக்கு அடியில்,
சென்னையிலிருந்து வந்த கோப்பு:
செயற்கை நுண்ணறிவு, வரைவு விதிகள்.
மாவட்டங்களின் கருத்து முப்பது நாளுக்குள்.
புளிச்சோற்றோடு அன்றைக்கே படித்தேன்.
இடர் மதிப்பிடப்படும்.
பாரபட்சம் தவிர்க்கப்படும்.
குறைகள் களையப்படும்.
இருபத்திரண்டு பக்கம்.

எட்டாம் வகுப்பு இலக்கணத்தில் இருந்தது
தோன்றா எழுவாய்.
'வந்தான்' என்றால் அவன் உள்ளே ஒளிந்திருக்கிறான்;
கூப்பிட்டால் எட்டிப் பார்ப்பான்.
இங்கே பக்கம் பக்கமாகக் கூப்பிட்டேன்.
ஃபேன் சத்தம்தான் கேட்டது.

கோபத்தில் பேனாவை எடுத்தவன்
எதற்கோ பீரோவைத் திறந்தேன்.
என் பத்தொன்பது வருட ஆணைகள்.
ஏற்க இயலவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது.
பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது.
அடியில் கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து,
எனக்கே படிக்க வரவில்லை.
இப்படிப்பட்ட கோப்புகளை லட்சக்கணக்கில் ஊட்டித்தான்
அதற்குப் பேசப் பழக்கினார்களாம்.
பிள்ளை எங்கிருந்தோ வந்ததில்லை.
எங்கள் மூக்கு, எங்கள் முழி.

வரைவின் ஓரத்தில் எழுதினேன்:
எந்த இயந்திரம் முடிவு சொன்னாலும்
அதன் கீழே ஒரு ஆளின் பெயர் வேண்டும்.
அந்த ஆள் திங்கட்கிழமை
கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும்.
விதியின் மொழியில் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
அப்படியே அனுப்பினேன்.

அவள் போயிருப்பாள் என்று நினைத்தேன். வராந்தாவில் இருந்தாள்.
"ஒங்க பேரு?"
"ஞானதிரவியம்."
"இந்தத் தாள்ல எழுதிக் குடுங்க."
மனுதாரர் யாருக்கும் நான் பெயர் எழுதிக் கொடுத்ததில்லை.
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு, ஞானதிரவியமாகிய நான்
வியாழக்கிழமை நேரில் வந்து கூரையைப் பார்ப்பேன்.
வாசித்துப் பார்த்துவிட்டு மடித்தாள்,
பீடி இலையை மடிக்கிற அதே கணக்கில்.

வியாழன் காலை, பேருந்தில், சென்னையிலிருந்து பதில்:
தங்கள் கருத்து பெறப்பட்டது.
வெளியே ஐப்பசி அடித்து ஊற்றியது.
ஆறு செங்காவியாகப் போனது.

முக்கூடலில் பக்கத்து வீட்டு ஏணியில் ஏறினேன்,
செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் குடையோடு.
கீழே இருந்து "பாத்து, பாத்து" என்றாள்.
பேனர் நடுவில் குழிந்திருந்தது.
நீச்சல்குளத்தில்
முழங்கால் அளவு தண்ணீர்.